டகோட்டாவில் ஒற்றை ஆள்

வேம்பூரணிக்கு மேலே பறக்கும் பழைய விமானங்களுக்கு, கீழேயிருந்து யாராவது பெயர் சொல்லும் வரை உருவம் கிடையாது. தெற்கே பனைகளுக்கு மேல் ஓர் உறுமலும் ஒரு கரும்புள்ளியுமாகத்தான் வரும். ஊர் எல்லையைத் தொடும் முன் ஒருவர் வாய் திறந்து இன்ன விமானம் என்று சொல்லிவிட வேண்டும். சொன்னதும் அது அந்த விமானமாகவே வரும். இறக்கை, வால், உள்ளே இருக்கை எல்லாம் சொன்ன பெயருக்குத் தக்கபடி அமைந்துவிடும். எல்லாமே முடிந்துபோன சண்டைகளின் விமானங்கள். சண்டை முடிந்ததை யாரும் அவற்றுக்குச் சொல்லவில்லை. அவையும் கேட்டுக்கொள்ளவில்லை.

பெயர் சொல்கிறவர்கள் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் உட்கார்ந்திருப்பார்கள். தொட்டிச் சுவரில் விமானப் படங்கள் வரிசையாக வரையப்பட்டிருக்கின்றன. அந்தப் படங்களில் உள்ளதைத்தான் சொல்வது வழக்கம். முதலில் சொல்கிறவருக்கு முதல் கிளாஸ் டீ. பிறகு சரியாகச் சொல்கிறவருக்கு ஒன்றும் கிடையாது, ஏனென்றால் முதலில் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். சைக்கிள் கடை ஆசீர்வாதம் வெகுகாலமாக முதல் கிளாஸை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அப்புறம் செல்போன் கடை பால்பாண்டி ஒரு பைனாகுலர் வாங்கிக்கொண்டு தொட்டி ஏறினான். அன்றிலிருந்து ஆசீர்வாதத்துக்குத் தூக்கம் போயிற்று.

செல்லக்கனிக்கு இந்தப் போட்டியெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அவளுக்கு ஒரே ஒரு விமானம்தான். மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவுகிற நேரத்துக்கு வரும் டகோட்டா. பட்டாளத்துக்குப் போன வேம்பூரணி ஆட்கள் இருபத்துமூன்று பேரும் அதில்தான் இருந்தார்கள். விடுப்பில் வீட்டுக்குப் புறப்பட்டவர்கள். ஊரில் விமானம் இறங்க ஓடுதளம் இல்லாததால் தினமும் மேலேயே வந்து மேலேயே போனார்கள். கால் தரையில் படும் வரை விடுப்பு தொடங்காது என்பதால் அவர்களுக்கு ஒரு நாளும் குறையவில்லை. குறைந்தது கீழே இருந்தவர்களுக்குத்தான். செல்லக்கனி கல்யாணமான ஆறாம் மாசம் அண்ணாந்து பார்க்கத் தொடங்கியவள், இப்போது மூட்டுவலித் தைலத்தைக் கழுத்துக்கும் தடவுகிறாள்.

அவள் புருஷன் இருளப்பன் இறக்கைக்குப் பின்னால் மூன்றாவது ஜன்னல். சிவப்புக் கரை போட்ட துண்டை ஆட்டுவான். அடுத்த வீட்டு அமராவதி மதினியின் மகன் அதற்கு அடுத்த ஜன்னல், அவன் வெறுங்கையை ஆட்டுவான். ஊரில் அந்தந்தக் குடும்பத்துக்கு அந்தந்த ஜன்னல். ரேஷன் கார்டில் ஏற்றாத குறைதான்.

அன்றைக்கு மேகம் கவிந்து கிடந்தது. அதற்கு முந்தைய சில நாட்களாக முதல் கிளாஸ் டீ பால்பாண்டிக்கே போய்க்கொண்டிருந்தது. ஆசீர்வாதம் நெஞ்சில் கங்கு கிடந்தது என்றே சொல்ல வேண்டும். டகோட்டா வரும் நேரத்துக்குத் தெற்கே உறுமல் கேட்டதும், புள்ளி கண்ணில் படும் முன்பே, இவன் எங்கே முந்திவிடுவானோ என்ற பதற்றத்தில் நாக்கு நுனியில் இருந்த பெயரைக் கத்திவிட்டார்.

"ஸ்பிட்ஃபயர்!"

மேகத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு ஸ்பிட்ஃபயர் வந்தது. ஸ்பிட்ஃபயரில் ஒரே ஒரு இருக்கை. அதில் ஒரே ஒரு ஆள். தோல் தொப்பி, முகத்தை மறைத்த கண்ணாடி. ஊரைக் கடக்கும்போது அவன் ஒரு கையைத் தூக்கி அசைத்தான்.

தெருவில் நின்ற குடும்பங்கள் எல்லாம் பதிலுக்குக் கையசைத்தன. ஒவ்வொரு வீட்டிலும் அது தங்கள் ஆள் கைதான் என்று அடித்துச் சொன்னார்கள். செல்லக்கனியும் சொன்னாள். ஆசீர்வாதம் தொட்டி மேல் தன் டீயைக் குடித்தார். குடிக்காமல் விட்டால் சொன்னது இல்லையென்றாகிவிடாது.

மறுநாள் அவர் காலையிலேயே மேலே ஏறி உட்கார்ந்து, பெயரை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பால்பாண்டி மரியாதைக்குப் பைனாகுலரைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டான். நேரம் வந்ததும் ஆசீர்வாதம் நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாக, "டகோட்டா" என்றார். டகோட்டாதான் வந்தது. இருக்கைகள் அத்தனையும் திரும்பி வந்திருந்தன. ஆட்கள் வரவில்லை. நேற்று ஓர் இருக்கையில் இருந்த அந்த ஒரே ஆள்தான் இருந்தான்.

ஊருக்கு மேலே வந்ததும் அவன் முதல் ஜன்னலில் தெரிந்தான். அந்த ஜன்னலுக்கு உரிய வீட்டைப் பார்த்துக் கையசைத்தான். அங்கிருந்து அடுத்த ஜன்னலுக்கு ஓடினான். அங்கும் அசைத்துவிட்டு அடுத்ததுக்கு ஓடினான். மூன்றாவது ஜன்னலில் சிவப்புக் கரைத் துண்டு ஆடியது. செல்லக்கனி தலைக்கு மேல் இரண்டு கையையும் தூக்கினாள். அதற்குள் அவன் அமராவதி மதினியின் ஜன்னலில் வெறுங்கையோடு நின்றான். பிறகு விமானத்தின் மறுபக்கத்து ஜன்னல்களும் இருந்தன. விமானத்தை யார் ஓட்டுகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அது ஓடிக்கொண்டுதானே இருந்தது.

இப்படியே நாட்கள் போயின. மனுஷ மனசு பொல்லாதது, ஒரு வாரத்தில் பங்குச் சண்டை வந்துவிட்டது. எங்கள் ஜன்னலில் அவன் கை எடுத்த மாதிரியே இல்லை என்றார்கள் மேலத் தெருக்காரர்கள். கீழத் தெருவில் இரண்டு தடவை அசைக்கிறான், நாங்கள் எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். புதிதாகத் தொட்டில் போட்ட ஒரு வீட்டில், பேரக்குழந்தைக்குத் தனியாக ஒரு தடவை அசைக்க வேண்டும் என்று ஆசீர்வாதத்திடம் வந்து கேட்டார்கள். இதற்கும் அவர் சொல்லும் பெயருக்கும் சம்பந்தம் உண்டா என்று அவர்களுக்குத் தெரியவில்லை, இருந்தாலும் கேட்டு வைத்தார்கள்.

செல்லக்கனியும் யோக்கியம் இல்லை. அவன் தன் ஜன்னலுக்கு வரும்போது, இன்னும் கொஞ்சம் நில்லு, இன்னும் கொஞ்சம் என்று வாய்க்குள் முணுமுணுப்பாள். நிற்பான் போலவும் இருக்கும். அப்புறம் ஒரு நாள்தான் அவளுக்கு அது கண்ணில் பட்டது. துண்டை ஆட்டுகிற கை மேலேயும் கீழேயும் போய் வந்தது ஆட்டுவதால் அல்ல. அவனுக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சே ஏறி இறங்கியது. சட்டை ஈரமாக ஒட்டியிருந்தது. முந்தின மாதத்தைவிடப் பாதியாக இளைத்திருந்தான்.

அன்று சாயங்காலம் சைக்கிள் கடைக்குப் போனாள்.

"அண்ணாச்சி, நாளைக்கு மறுபடியும் ஸ்பிட்ஃபயர்னே சொல்லிருங்க. அவுக ஒரு எடத்துல உக்காந்து வரட்டும்."

ஆசீர்வாதம் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழ் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, மத்த வீட்டுக்காரன் என்னய உசுரோட விடுவானா? அவனவன் ஜன்னலு அவனவனுக்கு வேணுமில்ல?"

"எளைக்கிறாக அண்ணாச்சி. பாக்க முடியல."

"அது ஒன் புருசன்தாம்னு ஒனக்கு உறுதியா தெரியுமா?"

"யாரா இருந்தா என்ன. அவுக உக்காரட்டும்."

"சரி, ஒனக்கு ஜன்னலு வேண்டாமா? துண்டு வேண்டாமா? யோசிச்சுச் சொல்லு."

அவளுக்கு இரண்டும் வேண்டும். வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை. எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். வரும் வழியெல்லாம் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அந்த அருவருப்போடுதான் மறுநாளும் பாத்திரத்தைப் போட்டது போட்டபடி போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

அன்று அவன் முதல் ஜன்னலில் அசைத்தான். இரண்டாவது ஜன்னலில் அசைத்தான். மூன்றாவதற்கு வரக் கொஞ்சம் நேரமாயிற்று. வந்தவன் துண்டைத் தூக்கினான், பாதி தூக்கிய துண்டோடு கீழே சரிந்தான். ஜன்னல் கண்ணாடியில் ஐந்து விரல்கள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. டகோட்டா வடக்கே போய் மறையும் வரை அந்த விரல்கள் அங்கேயே இருந்தன. மற்ற ஜன்னல்களுக்கு யாரும் வரவில்லை.

அமராவதி மதினி இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"பிடிச்சு வச்சுக்கிட்டியாக்கும். ஒன் ஜன்னல்லயே ஒக்கார வச்சுட்டியே! எம் பிள்ள மொகத்த நான் எங்கன போயிப் பாப்பேன்?"

"நான் என்ன செஞ்சேன் மதினி?"

"நீ ஒண்ணுஞ் செய்யல. நீதான் நில்லு நில்லுன்னு தெனமும் முணுமுணுப்பியே, எனக்கென்ன காதா அவிஞ்சு போச்சு?"

மதினி சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. செல்லக்கனி அடுப்பங்கரையில் போய் உட்கார்ந்து அழுதாள். ஆட்கள் குறைந்த நாளில்கூட அவள் இப்படி அழவில்லை. அன்று ஒரு கை மிச்சம் இருந்தது.

மறுநாள் மத்தியானம் அவள் தண்ணீர்த் தொட்டியில் ஏறினாள். பெண்கள் ஏறுகிற வழக்கம் இல்லை, ஏறக்கூடாது என்றும் இல்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறி உச்சிக்கு வந்தபோது ஆசீர்வாதம் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். அவரும் விரல்களைப் பார்த்திருந்தார். டீ ஃபிளாஸ்க் இருந்த பையைப் பால்பாண்டி அவள் காலில் இடிக்காமல் ஓரமாக நகர்த்தி வைத்தான்.

ஸ்பிட்ஃபயர் என்று சொல்லத்தான் அவள் ஏறியிருந்தாள். தெற்கே உறுமல் கேட்டது. பனைகளுக்கு மேல் புள்ளி தெரிந்தது. வாய் வரை வந்துவிட்ட பெயரை அவள் அப்படியே நிறுத்தினாள். ஸ்பிட்ஃபயர் என்றால் அவன் உட்காருவான், சரி. உட்கார்ந்தபடியே நாளைக்கும் வருவான். அதற்கு மறுநாளும் வருவான். தொட்டிச் சுவரில் வரைந்திருக்கிற எதுவும் வேம்பூரணியில் இறங்கப்போவதில்லை. உச்சியிலிருந்து பார்த்தால் ஊர்க் கண்மாய் முழுசாகத் தெரிந்தது. வேம்பூரணியில் வானத்திலிருந்து இறங்குவது ஒன்றே ஒன்றுதான். அது தினமும் அந்தக் கண்மாயில் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

புள்ளி எல்லையைத் தொட இருந்தது. ஆசீர்வாதம் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

"கொக்கு" என்றாள் செல்லக்கனி.

ஆசீர்வாதம் தொட்டிச் சுவரில் இருந்த படங்களை ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"சொன்னது சொன்னதுதான்" என்று சொல்லிவிட்டு பால்பாண்டி முதல் கிளாஸ் டீயை ஊற்றி அவள் கையில் கொடுத்தான். உறுமல் நின்றுபோயிருந்தது. வெள்ளையாக ஒரு கொக்கு கழுத்தை மடக்கிக்கொண்டு தொட்டியைக் கடந்து போய், கால்களைத் தொங்கவிட்டு, கண்மாயில் இறங்கியது. கொக்கில் இருக்கை கிடையாது. செல்லக்கனிக்கு அது தெரிந்தேதான் இருந்தது. டீ ஆறியிருந்தது, இருந்தாலும் கடைசி வரை குடித்தாள். உட்கார்ந்துவிட்டான், இனி உட்கார்ந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டே ஏணியில் இறங்கினாள்.

கொக்கு கண்மாயில் தங்கவில்லை. தண்ணீரில் கால் பட்டதும் விடுப்பு தொடங்கிவிட்டது போலிருக்கிறது, அது கரையேறி ஊருக்குள் நடந்து வந்தது. சாயங்காலத்துக்குள் விஷயம் தெரிந்து, குடும்பங்கள் அத்தனையும் அவரவர் வாசலில் தண்ணீர் தெளித்துக் காத்திருந்தன. மேலத் தெருவில் முதல் வீட்டு வாசலில் அது நின்று ஒரு சிறகைத் தூக்கியது. அங்கிருந்து அடுத்த வீட்டுக்கு ஓடியது. அங்கும் தூக்கிவிட்டு அடுத்ததுக்கு ஓடியது. தொட்டில் போட்ட வீட்டில் இரண்டு தடவை தூக்கியது.

செல்லக்கனி வீட்டுக்கு வரும்போது அதன் அலகு திறந்திருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. அவள் ஒரு கும்பாவில் தண்ணீரும், தட்டில் அயிரை மீனும் வைத்திருந்தாள். முந்தானையை விரித்துப் போட்டு, "செத்த நேரம் உக்காருங்க" என்றாள். கொக்கு முந்தானையைப் பார்த்தது. கும்பாவைப் பார்த்தது. ஒரு சிறகைப் பாதி தூக்கியது.

அடுத்த வாசலில் அமராவதி மதினி அதற்குள் கையசைக்கத் தொடங்கியிருந்தாள்.