எட்டாவது பிளேட்டு

சிஹாபுதீன் விலை சொல்வதற்கு முன் இசைத்தட்டோடு சற்று நேரம் தனியாக இருப்பார். உறையிலிருந்து அதை உருவி, விளிம்பை மட்டும் இரு உள்ளங்கைகளுக்கு நடுவே தாங்கி, சன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துக் கண் மட்டத்தில் பிடிப்பார். பிறகு நகத்தால் மெல்லத் தட்டிக் காதருகே வைத்துக் கேட்பார். விரிசல் இருந்தால் அந்தச் சத்தமே காட்டிக் கொடுத்துவிடும். ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் பழைய பிளேட்டுகளைக் காசு கொடுத்து வாங்குகிற கடை அவருடையது ஒன்றுதான்.

அந்தப் புதன்கிழமை காலை, கமலவேணி கொண்டுவந்த நான்கு பிளேட்டுகளையும் அப்படித்தான் பார்த்தார். அவளும் மகள் விஜயாவும் முக்காலிகளில் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

"தங்கச்சி, இதை ஒரு தடவையாச்சும் ஓட்டினீங்களா?"

"ஓட்ட எங்க வீட்டுல பொட்டி ஏது பாய்?"

"அதான பார்த்தேன். நேத்து வாங்கின மாதிரி இருக்கு. உங்க கோபம் பிளேட்டுக்கு ரொம்ப ஒத்துக்குது லா."

விஜயா சிரிப்பை அடக்க வெளியே போகும் பேருந்தைப் பார்த்தாள். கமலவேணி மகளை முறைத்தாள்.

அந்தக் கோபம் பெண்டஹாராவிலிருந்து காஜா பேராங் வரை எல்லாருக்கும் தெரிந்ததுதான். பதினோரு வருடத்துக்கு முன், நாற்பத்தேழில், கமலவேணியின் அப்பா இறந்தார். வீட்டுச் சாமானைப் பிரிக்க உறவுக்காரப் பெரியவர் ஒருவர் வந்தார். நியாயமாக இருக்கவேண்டும் என்று, அண்ணன் பொன்னுதுரைக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று என மாற்றி மாற்றி எடுத்து வைத்தார். அண்டா, நாற்காலி, விளக்கு என்று வந்த வேகத்தில், பொறையாறு கோகிலாம்பாள் பாடி நடித்த நாடகத்தின் எட்டு பிளேட்டுகளையும் அதே கையோடு பிரித்துவிட்டார். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு அண்ணனுக்கு. இரண்டு, நான்கு, ஆறு, எட்டு தங்கைக்கு. ஒரே கதையைத் துண்டு துண்டாக வெட்டுகிறோம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

கிராமபோனைப் பிரிக்க முடியாது. அதை அண்ணன் எடுத்துக்கொண்டார். "உனக்கெதுக்கு வேணி பொட்டி? உன் வீட்டுக்காரருக்குப் பாட்டுன்னாலே கொட்டாவி வருமே," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கமலவேணியின் கணவர் சேதுராமனும் சிரித்தார். அவள் மட்டும் சிரிக்கவில்லை. சின்ன வயதில் அந்தப் பெட்டிக்குச் சாவி கொடுத்தவள் அவள்தான்.

அண்ணன் ஒருநாள் வந்து ஏதாவது சொல்வார் என்று இருந்தாள். அவர் வரவில்லை. மூன்று வருடத்துக்கு முன் அண்ணி இறந்தபோது, இவள் குருபோங்கில் அண்ணன் வீடு வரை போய், கூட்டத்தோடு முற்றத்தில் நின்று, அண்ணன் முகத்தைப் பார்க்காமலே திரும்பினாள். அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. "அண்ணன் தங்கச்சி சண்டையில தலையைக் கொடுக்க நான் தயாரில்லை," என்று சேதுராமன் ஒதுங்கிக்கொண்டார்.

இப்போது விஜயாவுக்கு இருபத்தொரு வயது. தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை; இந்த வாரம் பள்ளி விடுமுறை. வெள்ளிக்கிழமை மூவாரிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். பிடித்துப்போனால் அன்றே வெற்றிலை மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. போன வாரம் பாத்திரம் கழுவிக்கொண்டே விஜயா சொன்னாள்: "அம்மா, எனக்குத் தியாகுவைத்தான் பிடிச்சிருக்கு."

தியாகு பொன்னுதுரையின் மகன்.

"உங்க மாமா வந்து கேட்கட்டும்," என்றாள் கமலவேணி.

"அவர் வரமாட்டாரு. நீங்களும் போகமாட்டீங்க. நடுவுல நாங்க என்ன செய்யறது?"

கமலவேணி கழுவிய தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மறுநாளே பிளேட்டுகளை விற்க சிஹாபுதீனிடம் சொல்லி அனுப்பினாள். அண்ணன் வீட்டில் மறுபாதி இருக்கிற பொருள் ஒன்றும் வீட்டில் இல்லாமல் போனால், வெள்ளிக்கிழமை மூவார்க்காரர்கள் முன்னால் மனசு அலையாமல் உட்காரலாம் என்று நினைத்தாள்.

"சிங்கப்பூர்ல ஒரு ஐயா கோகிலாம்பாள் பிளேட்டா தேடித் தேடிச் சேர்க்கிறாரு," என்றார் சிஹாபுதீன். "உலக யுத்தத்துக்கு முன்னாடி மெட்ராஸ்ல போட்டது. இங்க வந்ததே கொஞ்சம், அதுலயும் ஜப்பான்காரன் காலத்துல பாதி போயிடுச்சு. எட்டும் சுத்தமா இருந்தா இருநூறு வெள்ளி தர்றேன்னாரு. நாலு மட்டும்னா இருபதுகூடத் தரமாட்டாரு. அரை நாடகத்தை வச்சு அவர் என்ன பண்ணுவாரு?"

"மீதி நாலுக்கு நான் எங்க போவேன்?"

"உங்க அண்ணன்கிட்ட நானே போயிட்டு வந்துட்டேன் தங்கச்சி. கோவிச்சுக்காதீங்க."

அவர் வாசலைப் பார்த்தார். சைக்கிளைச் சாத்திவிட்டு, மரப்பெட்டி ஒன்றை மார்போடு அணைத்தபடி தியாகு உள்ளே வந்தான். நில அளவை அலுவலகத்தில் அரை நாள் லீவு போட்டிருந்தான்.

"அத்தை, நல்லா இருக்கீங்களா?"

கமலவேணி மின்விசிறியைப் பார்த்தாள். விஜயாவுக்குத் திடீரென்று பிளேட்டு உறைகளின் மேல் அக்கறை வந்துவிட்டது.

"உங்க அப்பா விக்கிறாராக்கும்?" என்று மின்விசிறியிடமே கேட்டாள் கமலவேணி.

"அவருக்கு விக்க மனசில்ல அத்தை. நீங்க விக்கிறீங்கன்னு பாய் வந்து சொன்னாரு. வேணியோடது போனா இது மட்டும் இங்க இருந்து என்ன பண்ண, எட்டும் ஒன்னா ஒரு வீட்டுல இருக்கட்டும்னு கொடுத்து அனுப்பிட்டாரு."

சிஹாபுதீன் முதல் பிளேட்டை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். உதட்டைப் பிதுக்கினார். அடுத்ததையும் அடுத்ததையும் எடுத்தார். தங்கையின் பிளேட்டுகள் ஈரக் கருங்கல் மாதிரி மின்னின. அண்ணனுடையவை சாம்பல் பூத்திருந்தன.

"வியாபாரம் அவ்வளவுதான். இதைச் சிங்கப்பூருக்கு அனுப்பினா அந்த ஐயா என்னை உதைப்பாரு," என்றார். பிறகு ஏழாவதைக் கீழே வைக்காமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்னடா அதிசயம்!"

"என்ன பாய்?" என்றாள் விஜயா.

"பிளேட்டு எப்பவும் கடைசியில கொஞ்சம் தேயும்மா, அது சகஜம். ஆனா இங்க பாரு. முதல் பக்கம் பரவால்ல. ரெண்டாம் பக்கத்துல கடைசி ஒரு அங்குலம் மட்டும் வெளுத்துப் போயிருக்கு. நாலு பிளேட்டுலயும் அதே இடம். முழுசா ஓட்டினா இப்படித் தேயாது. ஊசியைக் கொண்டுபோய்க் கடைசியிலயே வச்சு வச்சு ஓட்டியிருக்காங்க. தம்பி, யாரு இந்த வேலை பார்த்தது?"

தியாகு தயங்கினான். "அப்பாதான். பிளேட்டு முடிஞ்சதும் அடுத்ததை வாயால பாடுவாரு. அத்தைகிட்ட இருக்கிற பிளேட்டை. வரி மறந்துட்டா, மறுபடி கடைசியில ஊசியை வச்சு, அந்த வேகத்துல ஞாபகம் வருதான்னு பார்ப்பாரு. ரெண்டு, நாலு, ஆறு எல்லாம் ஒருமாதிரி தேத்திட்டாரு. ஏழுக்கு அப்புறம் என்னன்னு மட்டும் இன்னிக்கு வரைக்கும் வரல."

பக்கத்துக் கடையில் யாரோ துணியை டர்ரென்று கிழித்தார்கள்.

கமலவேணி ஏழாவது பிளேட்டைக் கையில் வாங்கினாள். அந்த வெளுத்த வளையத்தின் மேல் விரலை வைத்தாள். வாசல் வரைக்கும் வராத மனுஷன். வர வழி தெரியாமல் இந்த ஒரு அங்குலத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார். அவள் முற்றத்தோடு திரும்பியதும் இதைப்போலத்தானோ என்று தோன்றியது.

"குருபோங் பஸ் எத்தனை மணிக்கு?" என்றாள்.

சிஹாபுதீன் அவள் முகத்தைப் பார்த்துப் பதறினார். "தங்கச்சி, உங்க நாலையும் அந்தப் பழைய பொட்டியில மட்டும் போட்டுடாதீங்க. ஒரு தடவை ஊசி பட்டாலே விலை பாதியாயிடும்."

"ஆகட்டும் பாய்," என்று எட்டு பிளேட்டுகளையும் ஒரே பெட்டியில் அடுக்கினாள்.

பொன்னுதுரை குருபோங் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவர் பனியனோடு வாசலில் நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. தங்கையையும், அவளுக்குப் பின்னால் பெட்டியைத் தூக்கிவந்த மகனையும், அவனுக்கும் பின்னால் குடையோடு நின்ற விஜயாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"விக்கலையா?"

"உங்க நாலும் விலை போகாதாம். தேய்ச்சுத் தீர்த்துட்டீங்களாம்."

"கேக்கிறதுக்குத்தானே பிளேட்டு. பூசை பண்ணவா?"

"பூசை பண்ணினது நானாக்கும்? பொட்டியைக் கொடுத்திருந்தா நானும்தான் கேட்டிருப்பேன்."

அவர் ஒதுங்கி வழிவிட்டார். கூடத்தில் கிராமபோன் ஒரு துண்டு போர்த்தி இருந்தது. கமலவேணி எட்டாவது பிளேட்டை உருவி வைத்தாள். "புது ஊசி போடுங்கண்ணே. பழசு கீறிடும்," என்றாள். அவர் நீட்டிய ஊசியை அவளே மாட்டினாள். சாவியையும் அவளே கொடுத்தாள்.

கோகிலாம்பாள் வந்தாள். கதாநாயகி தன் அண்ணனான ராஜாவிடம் இரண்டு வார்த்தை பேசினாள். வாத்தியம் ஒலித்தது. பக்கத்தைத் திருப்பிப் போட்டார்கள். எல்லாரும் சேர்ந்து மங்களம் பாடினார்கள். பிறகு கரகரவென்று வெறும் சத்தம்.

"இவ்வளவுதானா?" என்றார் பொன்னுதுரை.

"இவ்வளவுதான்."

"அழுதுகிட்டே பெருசா ஒரு பாட்டு பாடுவாளே வேணி?"

"அது ஆறாவது பிளேட்டுண்ணே."

"இதுக்கா பதினோரு வருஷம்?" என்று அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அன்னிக்குப் பொட்டியை எடுத்தது தப்பு. அன்னிக்கு ராத்திரியே தெரிஞ்சுது. அப்புறம் நாளாக நாளாக, எந்த முகத்தோட வர்றதுன்னு…"

"அண்ணி சாவுக்கு வந்தப்போ நான் உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசலையே," என்றாள் அவள். சுற்றிக்கொண்டிருந்த பிளேட்டின் மேலிருந்து ஊசியை எடுத்து வைத்தாள்.

பிள்ளைகள் இருவரும் எப்போது வெளியே போனார்கள் என்று தெரியவில்லை. ரப்பர் மரத்தடியில் விஜயாவின் குடை தெரிந்தது. வெயில் இல்லாத இடத்திலும் அது விரிந்தே இருந்தது.

"வெள்ளிக்கிழமை மூவார்லேருந்து வர்றாங்களாமே?" என்றார் பொன்னுதுரை.

"வர்றாங்க."

"நல்ல இடமா?"

"நல்ல இடம்தான். ஒரு குறையும் சொல்ல முடியாது."

அவர் குடையையே பார்த்துக்கொண்டிருந்தார். கமலவேணி காத்திருந்தாள். இந்த ஒன்றை மட்டும் அவளால் எடுத்துக் கொடுக்க முடியாது. பெண்ணைப் பெற்றவள் அவள். கேட்கவேண்டியவர் அவர்தான்.

"வேணி, நான் நாளைக்கு வீட்டுக்கு வரலாமா?"

"எதுக்கு?"

"பொண்ணு கேட்டு. நீ வாசல்லயே நிக்க வச்சாலும் பரவால்ல."

அவள் புடவைத் தலைப்பை உதறிச் செருகினாள்.

"மத்தியானத்துக்கு முன்னாடியே வாங்க. வரவேண்டாம்னு மூவாருக்கு விஜயா அப்பா தந்தி கொடுக்கணும். தபால் ஆபீசை நமக்காகத் திறந்து வச்சிருக்கமாட்டாங்க."