பழுப்பு நூலில் ஒரு கோட்டு

கிழிந்த உதடும் வீங்கிய கன்னமுமாக என் தங்கை வாசலில் வந்து நின்றபோது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "மறுபடியுமாடி?" என்றேன். உள்ளே வந்து என் தையல் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். எப்போதும் இதே கதைதான். அடி வாங்குவாள், இங்கே வருவாள். புண் ஆறுவதற்குள் அவள் புருஷன் வந்து, "செல்லம், புத்தி கெட்டுப்போய் கை வெச்சிட்டேன்" என்று குழைவான். இவளும் ஆட்டுக்குட்டி மாதிரி பின்னாலேயே போய்விடுவாள். இந்தத் தடவை போனால் பிணமாகத்தான் வருவாள். கழுத்தில் அவன் விரல்கள் பதிந்த தடம் கன்றிப்போய் இருந்தது.

மாற்றுத்துணிகூட எடுத்து வராதவள், ஒரு பிளாஸ்டிக் பையை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு வந்திருந்தாள். பணமோ நகையோ என்று பிரித்துப் பார்த்தால், அந்தப் பழைய கிராஸ் ஸ்டிச் துணி!

கல்யாணம் நிச்சயமான கையோடு ஆரம்பித்தது அது. படத்தில் ஓர் அறை. விளக்கடியில் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள், எதிரே ஒரு காலி நாற்காலி. திறந்த வாசலில், வேலை முடிந்து வந்த புருஷன் சிரித்துக்கொண்டு நிற்பான். படத்தைப் பார்த்துக் கட்டம் கட்டமாக எண்ணி, பெருக்கல் குறி பெருக்கல் குறியாகத் தைக்க வேண்டும். பெண்ணையும் புருஷனையும் முடித்திருந்தாள், சுவரும் நாற்காலியும் பாக்கி. அதற்குள் ஒருநாள், "எந்நேரமும் என்னடி ஊசியும் நூலும்?" என்று அவள் வலது கையைக் கதவிடுக்கில் வைத்து அறைந்து சாத்தினான். இரண்டு விரல்கள் அதற்கப்புறம் மடங்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்கு வந்த அவன் அம்மா, "பழகிடும்மா, எல்லாம் பழகிடும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். துணி அலமாரிக்கு அடியில் போனது.

"இப்ப எதுக்குடி இந்த எழவு?"

"முடிக்கணும்க்கா."

நான் துணி ஆல்டரேஷன் கடையில் வேலை செய்கிறவள். எனக்குத் தெரிந்த ஊசி குத்தும். இவளுடையது முனை மழுங்கிய மொட்டை ஊசி. துணியில் ஏற்கெனவே இருக்கிற ஓட்டையில்தான் நுழையும். அவளுக்கு நான் வைத்த பட்டப்பெயரும் மொட்டை ஊசிதான், யாரையும் குத்தத் தெரியாதவள் என்பதால்.

"அவனைப் பிரிச்சு எறி முதல்ல" என்று கத்திரியை நீட்டினேன்.

"பிரிச்சா அந்த இடம் அசிங்கமாத் தெரியும்க்கா. மேலயே போட்டுக்கறேன். பழுப்பு நூல் மட்டும் கொஞ்சம் வாங்கிட்டு வா."

வாங்கித் தொலைத்தேன். ஏற்கெனவே நூல் அடைத்த ஓட்டையில் ஊசி லேசில் நுழையவில்லை. மடங்காத விரல்களை வைத்துக்கொண்டு உள்ளங்கையால் அழுத்தி அழுத்தித் தள்ளினாள், நெற்றியெல்லாம் வியர்வை. மறுநாள் கடையிலிருந்து வந்து பார்த்தால், அவன் கழுத்திலிருந்து முட்டி வரைக்கும் பழுப்பு ஏறியிருந்தது. கோட்டு! கோட்டைப் பிரித்துப் பிரித்துத் தைத்த கண்ணுக்கு வேறென்ன தெரியும்? தோளில் அகலம் கொஞ்சம் கூடுதல் என்றுகூடத் தோன்றியது.

"அடிப்பாவி! கழுத்தை நெரிச்சவனுக்குக் குளிருதுன்னு கோட்டு தைக்கிறியா?" கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைச் சுவரில் விட்டெறிந்தேன்.

அவள் எழுந்து செம்பை எடுத்து வைத்தாள், தரையைத் துடைத்தாள். "உனக்குப் பாக்கறதெல்லாம் துணிதான்க்கா."

"பின்ன என்னன்னு சொல்லித் தொலையேன்!"

"முடியட்டும்."

எனக்கு நம்பிக்கை இல்லை. இவள் போகத்தான் போகிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

விடுமுறை நாளில் மதியம் அவன் வந்தான். பவ்யமாகத் தட்டினான். "அக்கா, அவ மருந்து வீட்லயே இருந்துச்சு. குடுத்துட்டுப் போயிடறேன்."

மருந்து என்றதும் மடச்சி மாதிரித் தாழை விலக்கிவிட்டேன். கதவு என் நெற்றியில் வந்து இடித்தது. உள்ளே பாதி நுழைந்துவிட்டான். கைக்கெட்டிய இஸ்திரிப் பெட்டியை எடுத்து அவன் தோளில் ஓங்கிப் போட்டேன். அலறிக்கொண்டே என் முடியைக் கொத்தாகப் பிடித்து, முகத்தைக் கதவு நிலையில் மோதினான். மூக்கு எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. கீழே விழுந்தவளை வயிற்றில் உதைத்தான். விட்டேனா நான்? அவன் காலைக் கட்டிப் பிடித்து ஆடுசதையில் கடித்தேன். வாயெல்லாம் பேண்ட் துணியும் ரத்தமும். அவன் தடுமாறி வெளியே சாய, இரண்டு காலாலும் கதவை உதைத்துத் தள்ளினேன். முழுதாக மூடவில்லை. கதவு விளிம்பைப் பிடித்தபடி அவனுடைய நான்கு விரல்கள் உள்ளே இருந்தன.

"செல்லம்..." வெளியே குரல் சட்டென்று தேனாகிவிட்டது. "உங்கக்காதான் நம்மளப் பிரிக்கப் பாக்குறா. வாடி, நம்ம வீட்டுக்குப் போலாம்."

தங்கை எழுந்தாள். ஊசியைத் துணியோரத்தில் செருகி வைத்தாள். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. போகாதே என்று சொல்ல வாயைத் திறந்தால் ரத்தம்தான் வந்தது. என்னைத் தாண்டிப் போய்க் கதவருகே நின்று அந்த விரல்களைப் பார்த்தாள்.

"கையை எடு."

"எடுக்கலன்னா என்னடி பண்ணுவ?" என்று சிரித்தான்.

அவள் திரும்பி நின்று, முதுகைக் கதவில் கொடுத்து, காலைத் தரையில் ஊன்றி, உடம்பின் மொத்த பலத்தோடும் சாய்ந்தாள். மளுக்கென்று ஒரு சத்தம். அவன் போட்ட கூச்சலில் தெருவே கூடியிருக்கும். அவள் கண்ணைக்கூட மூடவில்லை. இன்னொரு தரம் அழுத்தினாள். அப்புறம்தான் கொஞ்சம் விட்டாள். விரல்கள் வழுக்கிக்கொண்டு போனதும் சாத்தித் தாழ் போட்டாள்.

மாடி வீட்டு டிரைவர் இறங்கி வந்து அவனைப் பிடித்து வைத்தார். போலீஸ் வந்தது. "காத்துல கதவு சாத்திக்கிச்சு சார்" என்று நான் முந்திக்கொண்டேன்.

"இல்ல சார், நான்தான் சாத்தினேன்" என்றாள் மொட்டை ஊசி. கழுத்துத் தடத்தைக் காட்டி, புகாரும் எழுதிக் கொடுத்தாள்.

மூக்கில் கட்டோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகுதான் துணியை நிதானமாகப் பார்த்தேன். பழுப்பு, அவன் சிரிப்பையும் தலையையும் மூடி மேலே ஏறியிருந்தது. கீழே தரை வரைக்கும் இறங்கியிருந்தது. நடுவில் மஞ்சளாக ஒரு கைப்பிடி. கோட்டாவது கத்திரிக்காயாவது! கதவு. காலி நாற்காலியில் புதிதாக ஒரு பொம்பளை வேறு உட்கார்ந்திருந்தாள்.

"யாருடி இது, இவ்ளோ குண்டா?"

"நீதான். மூக்கைப் பாரு."

மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பாக ஒரே ஒரு தையல். சிரித்தால் உயிர் போகிற வலி. இருந்தாலும் சிரித்தேன்.

அவன் முகத்துக்கு வாங்கிய தோல் நிற நூல் மிச்சமிருந்தது. அதை ஊசியில் கோர்த்து, கதவு விளிம்பில் சின்னச் சின்னதாகக் கோடு போட ஆரம்பித்தாள்.

"இது படத்துல இருக்கா?"

"இல்ல. இது நானாச் சேக்கறது."

மூன்று கோடு முடிந்திருந்தபோது போன் அடித்தது. கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். மாமியார் அழுதாள். "காவலுக்குப் போலீஸ்காரனோட ஆஸ்பத்திரியில கெடக்கான்மா. ஒரு வாய் சோறு தானா அள்ள முடியல. என்ன இருந்தாலும் புருஷன் இல்லையா? புகாரை வாபஸ் வாங்கிட்டு வந்துடும்மா."

போனைப் பிடுங்கப் பாய்ந்தேன். தங்கை கையைக் காட்டித் தடுத்தாள். அவள் ஊசி நின்றுபோயிருந்தது.

"டாக்டர் என்ன சொன்னார் அத்தை?"

"ரெண்டு விரல் இனிமே மடங்காதாம்மா."

"பழகிடும் அத்தை" என்றாள் என் தங்கை. "எல்லாம் பழகிடும்."

போனை வைத்துவிட்டு, நான்காவது விரலைத் தைக்க ஆரம்பித்தாள்.