இன்னும் காயலை

குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, குழாயையும் திறந்துவிட்டு, மகள் படகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் அப்பாவைக் கிடத்தி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

முழங்கை நீளப் படகு. முப்பத்தொரு வருஷம் அப்பா சுக்கான் பிடித்து ஆட்களை அக்கரை சேர்த்த படகைச் சின்ன உருவில் அச்சு அசலாக அவரே வெட்டி ஒட்டியது. அந்தப் படகில் அப்பாவோடு வேலை பார்த்த இன்ஜின்காரர் வருவதற்குள் நகக்கண் அளவுக்காவது துரு தெரிந்துவிட வேண்டும் அவளுக்கு. பழைய டூத்பிரஷ் நார் நாராகத் தேய்ந்ததே தவிர, வெள்ளை இம்மியும் உரியவில்லை. கல்யாண வீட்டுச் சுவர் மாதிரிப் பளபளத்தது.

வெளியே அத்தை யாரையோ அதட்டினாள். "கதவைத் தட்டாதீங்க. உள்ள அழுதுக்கிட்டு இருக்கா. அழட்டும்." பிறகு அவளே தட்டினாள். "அம்மாடி, இன்ஜின்காரர் வந்துட்டார். மாலையைப் போட்டதும் போடாததுமா படகு எங்கேங்கிறார்."

"கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க அத்தை."

"சொல்றேன். பாவம், எங்க அண்ணனையும் பார்க்கணும், படகையும் பார்க்கணும்னுதான் இருந்தார். அண்ணன் முந்திக்கிச்சு."

ஒன்பது நாளுக்கு முன்னால் அப்பா படுக்கையிலிருந்தே சொன்னார். "வெள்ளை தீர்ந்துடுச்சு. தண்ணி பெயிண்ட் வாங்கிட்டு வா. எனாமல் வேணாம், காதுல விழுந்துதா?"

"எல்லாம் வெள்ளைதானேப்பா?"

"பாலும் வெள்ளை, சுண்ணாம்பும் வெள்ளை. குடிச்சுப் பாரு தெரியும்."

துரு நிறத்தை அவரே அடித்து முடித்திருந்தார். நடுங்கும் கையோடு இரண்டு மாசம். அதற்கு மேலே, தலைமுடிக்கு அடிக்கிற ஸ்ப்ரே. இனி வெள்ளை அடிக்க வேண்டும். காய்ந்ததும் ஈரப் பிரஷ்ஷால் தேய்த்தால் நடுவில் இருக்கும் ஸ்ப்ரே இளகி, வெள்ளை அங்கங்கே உரிந்து, அடியிலிருக்கும் துரு தலைகாட்டும். எனாமல் என்றால் தண்ணீர் உள்ளே இறங்காது. அவ்வளவுதான் விஷயம்.

"உப்பைத் தூவி அடிச்சா சுலபம்னு ஒரு தடவை சொன்னீங்களே?"

"உப்பு வச்சா அம்மை போட்ட மூஞ்சி மாதிரி வரும். நம்ம படகு அப்படி இல்ல. ஓரம் ஓரமா உரிஞ்சவ. எங்கெங்கன்னு எனக்கு மனப்பாடம். நீ அடி, நான் சொல்றேன்."

"சரிப்பா" என்றாள். கடை இரண்டு தெரு தள்ளி. வெயில் மண்டையைப் பிளந்தது. மாடிப்படிக்கு அடியில், போன வருஷம் ஜன்னல் கம்பிக்கு அடித்த எனாமல் கால் டப்பா இருந்தது. "சாகக் கிடக்கிற மனுஷனுக்குத் துரு ஒண்ணுதான் குறைச்சல்" என்று முணுமுணுத்துக்கொண்டே இரண்டு கோட்டு இழுத்துவிட்டாள். அடுத்த அறையில் அப்பா தூங்குகிறார் என்றுதான் நினைத்தாள்.

சாயங்காலம் தேய்த்துப் பார்த்தபோது ஒரு துளியும் உரியவில்லை.

"உரியுதா?" என்று கூப்பிட்டுக் கேட்டார்.

"இன்னும் காயலைப்பா."

மறுநாளும் கேட்டார். மறுநாளும் காயவில்லை. மூன்றாம் நாள், "காயட்டும், காயட்டும். என்ன அவசரம்?" என்றார். அதற்கப்புறம் கேட்கவில்லை. நாலாம் நாள் இன்ஜின்காரரிடம் போனில் பேசுவது அடுப்படி வரைக்கும் கேட்டது. "துரு என் பொண்ணு கையில என்னமா வருதுங்கிறே! நான் தோத்தேன் போ." மிச்சத்தைக் கேட்க முடியாமல் அவள் கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

இப்போது படகைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு அப்பாவின் அறைக்குப் போனாள். இன்ஜின்காரர் ஜன்னலோரம், பெயிண்ட் புட்டிகளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். எழுபது வயசு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கைக்குழந்தையை வாங்குவது போல் இரண்டு கையாலும் வாங்கினார்.

திருப்பினார். அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

"இது..."

"நம்ம படகுதான் மாமா."

"இவளை இவ்வளவு வெள்ளையா நான் பார்த்ததே இல்லையேம்மா." கட்டைவிரலால் ஒரு தடவு தடவினார். "எனாமலா?"

தலையை ஆட்டினாள்.

"அவன் பார்த்தானா?"

"இல்ல. இன்னும் காயலைன்னு சொல்லிட்டேன்."

"எத்தனை நாளா?"

"ஒன்பது நாளா."

இன்ஜின்காரர் படகை மேஜைமேல் வைத்தார். கூடத்தில் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

"தண்ணி பெயிண்ட் அரை மணியில காயும்மா. அவனுக்குத் தெரியாதா? எனாமல் வாசனை வேற ஊரையே கூட்டுமே."

அவள் புட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆறு நாள் முன்னாடி பேசினான். உன்னைப் பத்தி ஒரே புகழ். அப்போ நாளைக்கே வந்து பார்க்கிறேன்டான்னேன். வேணாம், நாளைக்கு வராதே, அவ வேலை முடியட்டும், ஒரு வாரம் கழிச்சு வான்னான்." கண்ணாடியைக் கழற்றினார். "உடம்பு எப்படிடா இருக்குன்னேன். அதுக்கென்ன, கல்லு மாதிரி இருக்குன்னான். நானும் நம்பிட்டேன்."

"மாமா..."

அவர் எழுந்துகொண்டார். அவள் முகத்தைப் பார்க்காமல், வேட்டியைச் சரி செய்துகொண்டு, கதவைத் திறந்து கூடத்துக்குப் போனார்.

அத்தையின் குரல் கேட்டது. "பார்த்தீங்களா? எப்படி இருக்கு? அண்ணன் வாய் ஓயாம சொன்ன மாதிரி இருக்கா?"

இன்ஜின்காரர் நாற்காலியில் உட்காரும் சத்தம் கேட்டது.

"அவன் சொன்ன மாதிரியேதான் இருக்கு."

"பின்னே? யாரு பொண்ணு!" என்றாள் அத்தை. கூடத்திலிருந்த நாலைந்து பேர் உச்சுக் கொட்டினார்கள்.

மகள் வெளியே வந்தபோது எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். அத்தை நகர்ந்துகொண்டு, தலைமாட்டில் தரையைத் தட்டிக் காட்டினாள். "இங்க வா தாயி. உன் இடம் இது."

அவள் அப்பாவைத் தாண்டி, அத்தையைத் தாண்டி, வாசற்படி வரைக்கும் போனாள். வந்தவர்கள் கழற்றிப் போட்டிருந்த செருப்புகளைக் கையால் ஒதுக்கி, ஒரு ஆள் இடம் பண்ணிக்கொண்டு, அங்கே உட்கார்ந்தாள்.