கீழ்த்தட்டில் ஓர் இலை

தெருவில் அவருக்கு முட்டைக்காரர் என்று பெயர். புதிதாகக் குடிவந்தவர்கள் இதைக் கேட்டுவிட்டு, டஜன் என்ன விலை என்று வாசலில் வந்து நிற்பார்கள். அவரும் சளைக்காமல் கேமராவை எடுத்து வந்து, இலைக்கு அடியில் ஒட்டியிருக்கும் கசகசா அளவு பூச்சி முட்டைகளைப் பெரிதாக்கிக் காட்டுவார். வந்தவர் அத்தோடு வேறு கடை பார்த்துக்கொள்வார்.

உத்தியோகம் என்னவோ வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் படிப்பது. ஆனால் மீட்டரைப் பார்க்கிற நேரத்தைவிட, மதிலோரச் செடிகளின் இலையைத் திருப்பிப் பார்க்கிற நேரம்தான் அதிகம். பீப்பாய்க்கு மூடி போட்டதுபோல் இருந்தால் நாற்றப்பூச்சி, வரிவரியாகப் பூசணிக்காய் போல் இருந்தால் வண்ணத்துப்பூச்சி என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். "ஊர்ல இருக்கற முட்டையெல்லாம் தெரியும். என் மச்சம் எந்தக் கன்னத்துலன்னு உங்கப்பாவைக் கேளு, முழிப்பாரு" என்று அவர் மனைவி வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் போனில் குறைப்படுவாள்.

அவள் வீட்டிலேயே துணி தைக்கிறவள். அவர் படம் எடுக்க உட்கார்ந்தால் அவள் தையலை நிறுத்த வேண்டும். ஃபேனை அணைக்க வேண்டும், குழாய் சொட்டக் கூடாது. முட்டையின் மேல்பக்கம் தெளிவாக விழுந்தால் கீழ்ப்பக்கம் மங்கிவிடும் என்பதால், கேமராவை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி ஏகப்பட்ட படம் எடுப்பார். பிறகு கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்ப்பார். ஊசியில் நூல் கோர்த்துப் பழகிய கை என்று இலையைப் பிடித்துக்கொள்கிற வேலை அவளுக்கு. மூச்சு பட்டாலே இலை ஆடும். ஒரு சுற்று முடிந்து அவர் "ஆச்சு" என்று சொன்ன பிறகுதான் அவள் மூச்சு விடலாம்.

"உங்களோட குடித்தனம் பண்ணி, ஒருநாள் மூச்சடைச்சே போய்ச் சேரப்போறேன்" என்பாள். ஆனாலும் அவர் கூப்பிட்டால், கையிலிருக்கிற துணியைப் போட்டுவிட்டு ஓடுவாள்.

அன்றைக்கு மத்தியானம் அவர் ஒரு கொடி இலையோடு வந்தார். இளம்பச்சை முட்டைகள், ஒவ்வொன்றின் இடுப்பிலும் ஒரு சிவப்பு வளையம்.

"இது எதுன்னே தெரியலையே" என்றார். தெரியவில்லை என்று சொல்கிற மனுஷன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "பொரிஞ்சு புழு வெளிய வந்தாத்தான் தெரியும். அதைப் படம் எடுக்காம விடக் கூடாது. நாளைக்கு லீவு, சாவகாசமா உக்காருவோம்."

இலையை ஒரு டப்பாவில் போட்டு, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தார். குளிரில் முட்டை நிதானப்படும், அவசரப்பட்டுப் பொரியாது. அவர் எப்போதும் செய்கிற வேலைதான். கை கழுவப் போனவர் அங்கேயே சாய்ந்துவிட்டார்.

ஆம்புலன்ஸில் நாக்குக் குழற அவர் சொன்னது இவ்வளவுதான்: "டப்பா... வச்சிரு... நான் வந்து..." கட்டின பெண்டாட்டியிடம் ஒரு ஆண்பிள்ளை கடைசியாகப் பேசுகிற பேச்சா இது? ஆனால் அவளுக்கு அது வேதவாக்காகிவிட்டது.

டப்பாவின் பக்கத்தில் பால் பாக்கெட்டைக்கூட அவள் அண்டவிடவில்லை. ஒருநாள் கரண்ட் போனபோது, கடைக்கு ஓடிப்போய் ஐஸ் வாங்கி வந்து டப்பாவைச் சுற்றி அடுக்கினாள். அவர் வரும்வரை பொரியக் கூடாது, அவ்வளவுதான் அவள் கணக்கு. எந்த டப்பாவையும் அவர் ஓரிரு நாளில் தானே வெளியே எடுத்துவிடுவார். அதற்கு மேல் குளிர் தாங்காது என்று அவளிடம் சொல்லவேண்டிய தேவை அவருக்கு வந்ததேயில்லை, அவளும் கேட்டதில்லை.

ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவளைத் தனியாக உட்காரவைத்து, மூளைக்குள் ரத்தம் கசிந்ததைச் சொன்னார். "மெஷின்தாம்மா மூச்சு விடுது. அவர் திரும்ப மாட்டார். எடுத்துடலாமான்னு யோசிச்சுச் சொல்லுங்க."

மகன் போனில் அழுதான். "டிக்கெட் கிடைக்கலம்மா. நான் வர்ற வரைக்கும் வச்சிருக்கச் சொல்லும்மா."

"வச்சிருப்பாங்கப்பா. அப்படியேதான் இருக்கார். கைகூடச் சூடா இருக்கு" என்றாள்.

அதை அவள் நம்பவும் நம்பினாள். முகம் மாறவில்லை, தூங்குகிற மாதிரி இருந்தது. முட்டை என்றால் எந்தத் தூக்கத்திலும் எழுந்து உட்காருகிற ஆசாமி அவர். அந்த முட்டைகளை ஒரு படம் எடுத்துக் கண்ணெதிரே பிடித்தால் இமையாவது அசையாதா? இந்த ஆசை வந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்தாள்.

வெறும் கண்ணுக்கு முட்டைகள் வைத்தது வைத்தபடி இருந்தன. அதே பச்சை, அதே சிவப்பு வளையம். "பாத்தீங்களா, ஒண்ணுகூடப் பொரியல" என்று யாருமில்லாத அறையில் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள். ஃபேனை அணைத்தாள், குழாயை இறுக்கினாள். இலையை ஒரு கிளிப்பில் மாட்டிவிட்டு, அவர் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

திரையில் பெரிதாக்கினாள். ஒவ்வொரு முட்டையும் நடுவில் குழி விழுந்து, பஞ்சர் ஆன பந்துபோல் உள்வாங்கியிருந்தது. உள்ளே எல்லாம் வற்றிப்போயிருந்தது. ஓரத்து முட்டை ஒன்றில் மட்டும் புழு ஓட்டைக் கீறி, தலையைப் பாதி வெளியே நீட்டி, அப்படியே நின்றுவிட்டிருந்தது. வரத்தான் பார்த்திருக்கிறது, பாவம். குளிர் விடவில்லை.

"வச்சிருந்து வச்சிருந்து நானே கொன்னுட்டேனே" என்று சொல்லி, அவள் மேசைமேல் கவிழ்ந்து அழுதாள். முட்டைக்காக அழுதாளா, முட்டைக்காரருக்காக அழுதாளா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. அழுது ஓய்ந்து நிமிர்ந்தபோது திரையில் அந்தக் குழிகள் அப்படியே இருந்தன.

மறுநாள் காலையில் டாக்டரம்மாவிடம் போய், "அவர் மூளைய ஸ்கேன் எடுத்த படத்தை எனக்குப் பெருசாக் காட்டுங்க" என்றாள். டாக்டரம்மா காட்டினார், பொறுமையாக விளக்கவும் செய்தார். அவள் வெளியே வந்து மகனைக் கூப்பிட்டாள்.

"அப்பாவை விட்டுடலாம்ப்பா."

"நான் ஒரே ஒரு தடவை பாத்துக்கறேம்மா."

"பாக்கலாம். ஆனா நீ பாக்கறது உங்கப்பாவா இருக்காது. அவர் வரட்டும்னு நானும் ஒண்ணைக் கெடாம வச்சிருந்தேன், கண்ணு. வெளியதான் அப்படியே இருந்துச்சு."

அவன், "அவர் பக்கத்துல நீ இரும்மா" என்றான்.

அவள் பக்கத்தில்தான் இருந்தாள். அவர் கையை, இலையைப் பிடிக்கிற மாதிரி, அழுத்தாமல் பிடித்திருந்தாள். நர்ஸ் மெஷினை நிறுத்தியதும் அறையில் சத்தம் அடங்கியது. ஃபேனை அணைத்த அறை மாதிரியே இருந்தது. அவளையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவர் நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்கியது, இன்னொருமுறை லேசாக. அதன்பின் அசையவில்லை. அவள் விடவில்லை. அவர் சொல்லாமல் அவள் என்றைக்கு விட்டிருக்கிறாள்? காது அடைத்தது, கண் இருட்டியது, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் அவர் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, அவள் தோளைத் தொட்டாள்.

"ஆச்சும்மா" என்றாள்.

அவள் மூச்சை விட்டாள்.