பக்கத்து வீட்டுல வருதா?

குடிநீர்ப் புகார்ப் பிரிவில் பதினெட்டு வருஷமாகத் தொலைபேசி எடுக்கும் அண்ணிக்கும், உடன் வேலை பார்க்கும் அவள் நாத்தனாருக்கும் அன்று ஏஐ பயிற்சி. “குழாயில தண்ணி வரல” என்று பயிற்சியாளர் சொன்னதும், கணினி தேனொழுக மன்னிப்புக் கேட்டு, வீட்டுக்கு ஆள் அனுப்புவதாகச் சொன்னது.

“போச்சு அண்ணி, நம்ம சீட்டு கிழிஞ்சுது!” என்றாள் நாத்தனார்.

அண்ணி அசரவில்லை. “பக்கத்து வீட்டுல வருதான்னு அது கேக்கவே இல்லையே! அங்கயும் வரலன்னா கோளாறு தெரு வால்வுல. வீட்டுக்குப் போற ஆளு குழாயப் பாத்துட்டு நிக்கவா?”

பயிற்சியாளர், “இத நீங்களே அதுக்குச் சொல்லிக்கொடுங்க” என்று விசைப்பலகையை அவள் பக்கம் தள்ளினார்.

அண்ணி முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“கொஞ்சம் தள்ளி உக்காருங்க. இது முதல் கேள்விதான்.”