அப்பாவுக்கு நிற்காத படகுகள்

"இன்னைக்கு ஒரு படகும் கடலுக்குப் போகக் கூடாது, மாமா."

ஊர்த்தலைவர் சபாபதி வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுக்கவில்லை. கரையில் நின்ற முப்பது பேரும் மணலைப் பார்த்தார்கள். கேட்காதே, இருக்கிற மானமும் போயிடும் என்று அம்மா காலைப் பிடித்துச் சொல்லியும் கேட்டுவிட்டேன்.

எங்கள் குப்பத்தில் யார் செத்தாலும் அன்றைக்குத் தொழிலுக்குப் போக மாட்டார்கள். பச்சைக் குழந்தை செத்தாலும் அப்படித்தான். விடியற்காலையில் செத்தது என் அப்பா சிங்காரம். முப்பத்தெட்டு வருஷம் இவர்களோடு வலை இழுத்தவர்.

"சுரேந்தரு, யாரோ பேசுற மாதிரி இருக்கே?" என்றார் சபாபதி.

"காத்து மாமா," என்றான் சுரேந்தர். என் பெரியப்பா மகன். ரெண்டு பேர் சிரித்தார்கள்.

பதினோரு மாதமாக இப்படித்தான். அக்கா தனக்கோடியின் கையை அவள் புருஷன் கட்டையால் அடித்து உடைத்தான். ஊர்க்கூட்டத்தில் சொல்லாமல் சிதம்பரம் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்தேன். வீட்டில் முதல்முதலாகக் காலேஜ் முடித்தவள் ஆயிற்றே, எழுதத் தெரியாதா. அவன் சபாபதியின் தம்பி மகன். மறுநாளே எங்களைத் தள்ளி வைத்தார்கள். அப்பாவைப் படகில் ஏற்றவில்லை. டீக்கடையில் டீ கிடையாது. யாராவது "வா சிங்காரம்" என்பார்கள் என்று தினமும் கரையில் போய் நிற்பார். பொழுது சாய்ந்ததும் வருவார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதாவது இருப்பேன்.

படகுகள் என் கண்ணெதிரே போயின.

வீட்டில் அப்பா பாயில் கிடந்தார். தூக்க ஆளில்லை. அக்கா சரியாக மடங்காத கையால் ஈ விரட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுத் தைலம்மாள் சித்தி பின்பக்கமாக ஒரு தூக்கில் காபி கொண்டுவந்தாள்.

"நான் வந்தத யார்கிட்டயும் சொல்லிடாத கண்ணு. என் பையன் அவுங்க வலையிலதான் போயிருக்கான்."

அந்த வலை. அரசாங்கம் தடை பண்ணின சுருக்குமடி. ஊரே பங்கு போட்டு வாங்கியது, அப்பா பங்கும் சேர்த்து. பிடிபட்டால் வலையும் போகும், படகும் போகும். அதனால் சாயங்காலம் மீனை எந்த முகத்துவாரத்தில் இறக்குவார்கள் என்று வெளியாளுக்குச் சொல்ல மாட்டார்கள். எனக்குத் தெரியும்.

எழுந்து சுடிதார் மாற்றினேன்.

"எங்கடி போற?" என்றாள் அம்மா.

"கடலூருக்கு. மீன்வளத்துறை ஆபீசுக்கு."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "பொணத்த வச்சிக்கிட்டாடி? வலை போச்சுன்னா ஊரு சோத்துக்கு என்னா பண்ணும்?"

"நாம என்னா பண்ணோம்னு ஊரு கேட்டுச்சா?"

சித்தி என் கையைப் பிடித்தாள். "என் புள்ள உனக்கு என்னா பண்ணான்?"

"ஒண்ணும் பண்ணல சித்தி. படகுல ஏறினான்."

அமரர் ஊர்தி நம்பரை அக்காவிடம் எழுதிக் கொடுத்தேன். அப்பா முகத்தைப் பார்த்தால் நின்றுவிடுவேன். பார்க்கவில்லை. சித்தியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தேன்.