வளையத்தில் நின்ற மட்டி

பேரிகைச் சாலையோரத்துச் சின்னேரியில் இனி யாரும் மட்டி எடுக்கக் கூடாது என்று ஊராட்சித் தலைவர் சென்னகிருஷ்ணன் சொல்லிவிட்டார். கெம்பம்மா வெறுங்கூடையோடு வீடு திரும்பினாள். இருபது வருஷமாக இடுப்பளவு நீரில் நின்று, காலால் சேற்றைத் துழாவி மட்டி எடுத்துப் பிழைத்தவள். சதை சந்தைக்குப் போகும், ஓடு சுண்ணாம்புக் காளவாய்க்குப் போகும். கூடை நிறைந்தால் போதுமென்று அவளும் மற்ற ஐந்து பெண்களும் நகத்தளவுக் குஞ்சையும் அள்ளினார்கள். ஏரி வெறுமையானது அப்படித்தான். அது அவளுக்கும் தெரியும்.

"என்னக்கா, கூடை காலியா இருக்குது?" என்றான் பக்கத்து வீட்டு நசருல்லா. ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் இன்ஸ்பெக்ஷன் வேலை அவனுக்கு. போன வருஷப் பஞ்சத்தில் அவன் மனைவி ஹமீதுன்னிசா பிள்ளை பெற்றுக் கிடந்த நாற்பது நாளும் கெம்பம்மாதான் தண்ணீர் சுமந்து ஊற்றினாள்.

"இனி எப்பவும் காலிதான் பாய். ஏரிய மூடிட்டாங்க. இந்த வயசுல நான் கம்பெனி கேட்டுல போயி நிக்கறதா?"

நசருல்லா யோசித்தான்.

"எங்க வாப்பா கீழக்கரையில சங்கு குளிச்சவரு. கரையில சர்க்கார் ஆளு வளையத்தோட உக்காந்திருப்பாராம். வளையத்துல நுழைஞ்ச சங்கு திரும்பக் கடலுக்குத்தான். முத்துச் சிப்பின்னா இன்னும் கறார். முன்னாடியே கொஞ்சம் எடுத்துப் பாப்பாங்க. இளசா இருந்தா அந்த வருஷம் ஒருத்தரும் இறங்கக் கூடாது. வெள்ளைக்காரன் காலத்துலயும் அதான், அப்புறமும் அதான்."

மறுநாள் சூப்பர்வைசரிடம் கேட்டு, கழித்துப் போட்ட இரும்புத் துண்டொன்றை வாங்கி, ஒன்றரை அங்குல வளையமாகக் கடைந்து கொண்டுவந்தான்.

வளையத்தில் நுழையாத பெரிய மட்டியை மட்டும் எடுக்க விடும்படி பெண்கள் தலைவரிடம் கேட்டார்கள். அவர் முன்னால் ஒரு கூடை மட்டியை அளந்து காட்டுவதென்று முடிவானது. "பெருசாப் பாத்துப் பொறுக்கி வெச்சுக்கலாம்டி, யாருக்குத் தெரியப் போவுது?" என்றாள் அந்த ஐந்து பெண்களில் ஒருத்தியான சென்னம்மாள்.

"மேல இருக்கறவருக்குத் தெரியுமே" என்று கெம்பம்மா கைக்கு வந்ததையெல்லாம் அப்படியே கூடையில் போட்டாள்.

கரையில் வைத்து அளந்தார்கள். நூறில் வளையத்துக்குள் நுழையாமல் நின்றவை ஒன்பது.

"ஒன்பதா!" தலைவர் சிரித்துவிட்டார். "உன் வளையமே உனக்கு எதிர்சாட்சி சொல்லுதே கெம்பம்மா!"

"சொல்லட்டுங்ணா. தப்பு எங்க மேலதான்." அவள் அந்த ஒன்பதையும் சேர்த்தே தண்ணீரில் கொட்டினாள். "இதுங்க குஞ்சு பொரிக்கட்டும். ஒரு வருஷம் நாங்களே காவல் இருக்கறோம். அப்புறம் இதே வளையத்துல அளந்து பாருங்க. நூத்துல பாதி நின்னா ஏரியத் தெறந்து விடுங்க. நிக்கலைன்னா நாங்க கேக்கவே மாட்டோம்."

தலைவரின் சிரிப்பு நின்றது. கெட்டிக்காரத்தனத்தை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். கைக்கு வந்ததைத் திரும்ப விடுகிறவர்களைப் பார்த்ததில்லை. "ஆகட்டும்" என்றார்.

அந்த ஒரு வருஷமும் கெம்பம்மா பூந்தோட்டத்தில் களை எடுத்தாள். ஹமீதுன்னிசா குழம்பு வைத்த நாளெல்லாம் ஒரு கிண்ணம் கெம்பம்மா வீட்டுக்கு வந்தது. 2005-இல் மழை கொட்டித் தீர்த்து ஏரி நிரம்பி வழிந்து கடைபோனது.

அடுத்த மாசியில் ஊரே கரையில் கூடியது. நசருல்லா லீவு போட்டு வந்து வளையத்தைப் பிடித்தான். தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தாமே இறங்கித் தம் கையால் நூறு மட்டி எடுத்துக் கொடுத்தார்.

"நிக்குது! இதுவும் நிக்குது!" சென்னம்மாள் ஒவ்வொன்றுக்கும் கூவினாள். ஐம்பதைத் தாண்டியதும் பெண்கள் விசிலடித்தார்கள். நின்றவை எழுபத்திரண்டு!

"எறங்குங்கம்மா, ஏரி உங்களுது!" என்றார் தலைவர்.

ஆறு பெண்களும் ஒன்றாக நீரில் பாய்ந்தார்கள். கெம்பம்மாவின் காலில் முதலில் தட்டுப்பட்ட மட்டி, அவள் கையோடு கொண்டுபோன வளையத்தில் பாதி நின்றது, பாதி நுழைந்தது.

"அமுக்கிப் பாக்காதடி, நிக்குதுன்னே வெச்சுக்கோ!" என்றாள் சென்னம்மாள்.

கெம்பம்மா சிரித்துக்கொண்டே அதை ஏரியின் நடுப்பக்கம் வீசினாள். "அது அடுத்த வருஷத்துக்கு!"

பிறகு குனிந்து, சேற்றுக்குள் கையை விட்டாள்.